கேட்டால் மட்டும் சொல்லலாம்

அமெரிக்க மாநிலம் ஒன்றில், கலை அமைப்புகளுக்கு அரசு நிதி வழங்கும் கலை ஆணையத்தின் இயக்குநர் ஆர்டிஸ் ஹோம்குவிஸ்ட், தன் அலுவலகத்தைக் காப்பாற்றுங்கள் என்று எந்தச் சட்டமன்ற உறுப்பினரிடமும் போய்க் கேட்க முடியாது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆதரவு திரட்டக் கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். கேட்காமலே பேசுவதற்கென்று இருந்தவள் அவளுடைய தோழி பெவ் லிண்ட்கார்ட். அருங்காட்சியகங்களும் நாடகக் குழுக்களும் சந்தா கட்டி நடத்தும் கலை ஆதரவுச் சங்கத்தின் செயலர் அவள்.

கூட்டத்தொடர் மாதங்களில் இருவரும் சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தள உணவகத்தில்தான் மதியம் சாப்பிடுவார்கள். சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை பன்னும்.

அந்த ஜனவரியில் செனட்டர் ரோலண்ட் விட்டெக் ஒரு மசோதா கொண்டுவந்தார். கலை ஆணையத்தைக் கலைத்துவிட்டு, அதன் வேலையைச் சுற்றுலாத் துறையிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

"விட்டெக்குக்கு உங்க மேல என்னடி கோபம்?" என்று கேட்டாள் பெவ்.

"அவரையே கேளு. மசோதா பத்தி நான் வாயைத் திறந்தா வேலை போயிடும்."

"சாப்பிடவாவது திறப்பியா?"

பெவ் சும்மா இருக்கிறவள் இல்லை. சனிக்கிழமை பனியில் வண்டியோட்டி விட்டெக்கின் ஊருக்கே போனாள். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டிய நடனக் கூடம் அங்கே இருந்தது. அக்கார்டியன் வாசித்தார்கள், கிழவர்கள் போல்கா ஆட இழுத்தார்கள், பழம் வைத்த கோலாச்சே ரொட்டி தின்னக் கொடுத்தார்கள். விஷயமும் தெரிந்தது. கூரை ஒழுகும் அந்தக் கூடம் பலமுறை உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தது. சம்பளத்துக்குக் கலை இயக்குநர் வைத்துக்கொள்ளாத அமைப்புக்கு நிதி கிடையாது என்று ஒவ்வொரு முறையும் ஆணையம் திருப்பி அனுப்பியிருந்தது.

அந்த விதி பெவ்வுக்குப் புதிதல்ல. பெரிய இடங்களின் பங்கு குறையக் கூடாதென்று, தான் செயலரான புதிதில் ஆணையத்திடம் போராடி அதை வாங்கியவளே அவள்தான்.

விதியை விட்டுக்கொடுத்தால் விட்டெக் இறங்கி வருவார் என்று சங்க நிர்வாகிகளிடம் சொன்னாள். தலைவர் பிரெஸ்டன் ஆல்டிரிச், நகர அருங்காட்சியகத்தை நடத்துகிறவர், மறுத்துவிட்டார். "அதைத் தொடாதீங்க. விசாரணை அன்னைக்கு இசைக்குழுக்காரங்களை அழைச்சிட்டு வந்து அரங்கத்தை நிரப்புங்க, போதும்."

மசோதா மீதான விசாரணையன்று அரங்கம் நிரம்பித்தான் இருந்தது. விட்டெக் ஆர்டிஸை அழைத்தார்.

"மேடம், இந்த விதி யார் கேட்டு வந்தது?"

ஆணையம் வாக்கெடுத்து நிறைவேற்றியது என்று சொல்லி முடித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆர்டிஸ் அதை நினைக்காமலும் இல்லை.

"வாக்கெடுத்தது ஆணையம். கேட்டது கலை ஆதரவுச் சங்கம்."

"சங்கத்துல யாரு?"

"பெவ் லிண்ட்கார்ட்."

முன்வரிசையில் ஆல்டிரிச் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். விட்டெக் பெவ்வை வரச் சொன்னார். தயாரித்து வைத்திருந்த உரையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

"நான்தான் கேட்டேன், செனட்டர். அந்த விதியை எடுத்துடச் சொல்லுங்க. ஆணையத்தை விட்டுடுங்க."

"இது உங்க சங்கத்தோட கருத்தா?"

"இல்லை. சங்கம் வேற மாதிரி சொல்லித்தான் அனுப்புச்சு."

"அப்போ யார் சார்பா பேசறீங்க?"

"போன சனிக்கிழமை உங்க ஊர்ல போல்கா ஆடறப்போ என் காலை மிதிச்சவங்க சார்பா."

அரங்கம் சிரித்தது. விட்டெக்கும் சிரித்தார். ஆல்டிரிச் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் பெவ் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "வாக்கெடுத்தது ஆணையம்னு அதோட நிறுத்தியிருக்கலாமே, ஆர்டிஸ்."

"நிறுத்தியிருக்கலாம்."

"ஏன் நிறுத்தலை?"

"அவர் கேட்டது அது இல்லையே."

பெவ் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மசோதாவை விட்டெக் திரும்பப் பெற்றார். வசந்தத்தில் ஆணையம் கூடி விதியை நீக்கியது. நடனக் கூடத்துக்குக் கூரை போட உதவியும் கிடைத்தது. கோடையில் சங்கம் பெவ்வை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. ஆர்டிஸ் போன் செய்தபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை.

சங்கத்தின் புதிய செயலர் நல்ல உடை உடுத்திய இளைஞன். வந்த வாரமே ஆர்டிஸைப் பார்க்க வந்து, தரமான அமைப்புகளுக்கு முன்னுரிமை தரும்படி விதிகளில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டான். தரம் என்றால் என்ன என்று ஆர்டிஸ் கேட்டாள். அவன் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் போனான்.

பெவ் இப்போது செவிலியர் சங்கத்துக்காக ஆதரவு திரட்ட அதே சட்டமன்றக் கட்டடத்துக்கு வந்துபோகிறாள். ஒருநாள் மின்தூக்கியில் இருவரும் மட்டும் நின்றார்கள். ஆர்டிஸின் அம்மாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா என்று பெவ் விசாரித்தாள். முடிந்தது, இப்போது நடக்கிறாள் என்றாள் ஆர்டிஸ். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, செனட்டர்களின் அறைகள் இருக்கும் தளத்தில் பெவ் இறங்கிக்கொண்டாள்.