அஜீசாவை நிறுத்திய வருஷம்

ஐம்பத்தொன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் வந்த மூளைக்காய்ச்சல், அஜீசாவின் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சந்து வீட்டுக்குத் திரும்பி வந்து, "ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். அவளுடைய உம்மா காத்தூன் பீவி அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

பொங்கல் கழிந்ததும் மறுபடி நாலாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று வாத்தியார் பிரம்பால் அடித்தார். காத்தூன் பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேரில் போய் விஷயத்தைச் சொன்னாள். அதன்பிறகு அடி நின்றது, கேள்வியும் நின்றது. கடைசி வரிசையில் சன்னலோரம் உட்கார வைத்துவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் போகும் கூட்ஸ் வண்டிகளை எண்ணிவிட்டு, எழுதாத ஸ்லேட்டோடு சாயங்காலம் வருவாள். இரண்டாம் வகுப்புப் படித்த தம்பி சௌக்கத் அலி, "செவிடி தம்பி" என்று கூப்பிட்டவர்களோடெல்லாம் கட்டிப் புரண்டான். வாரத்துக்கு இரண்டு சட்டை கிழிந்தது.

மாசி மாதம் ஒருநாள், துறைமுகத்தில் பளுதூக்கி வின்ச் ஓட்டும் மஜீது ஷிப்டு முடிந்து வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்தபோது, காத்தூன் பீவி சொன்னாள்.

"ரெண்டையும் நிறுத்திடலாங்க. நானே வூட்ல சொல்லித் தர்றேன்."

"நீ படிச்சதே அஞ்சாங் கிளாஸு."

"அவ நாலாங் கிளாஸுதானே."

"பையன ஏன் நிறுத்தறே? அவன் காது நல்லாத்தானே கீது?"

"அவ ஒருத்திய மட்டும் நிறுத்துனா, எதுக்கும் ஒதவாதுன்னு வூட்ல போட்டுட்டாங்கன்னு நெனச்சுக்குவா."

மஜீது இரண்டு வாய் சாப்பிட்டான். கை தூக்கவே கனத்தது. "இன்னாவோ செய்யி" என்றான். களைப்பில் வந்த வார்த்தையைக் காத்தூன் பீவி சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

சொல்லித் தருவது அவள் நினைத்ததுபோல் இல்லை. அஜீசாவிடம் பேசும்போது அடுப்புப் பக்கம் திரும்ப முடியாது. திரும்பினால் பாடம் அறுந்துபோகும். திரும்பாவிட்டால் சோறு அடிபிடிக்கும். ஒரே வார்த்தையை மூன்று தடவை, நாலு தடவை, வாயை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டும். மத்தியானத்துக்குள் தொண்டை வறண்டுவிடும். சில நாள் பொறுமை போய் மகளை ஓங்கி அறைந்துவிட்டு, பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுவாள். இதற்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாரே தேவலை என்று அவளுக்கே தோன்றும். மறுநாள் காலை பாத்திரம் கழுவி முடித்ததும், "வாங்கடா" என்று ஸ்லேட்டை எடுத்துப் போடுவாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அஜீசா உதட்டைப் பார்த்தே சொல் பிடிக்கத் தொடங்கினாள். "மாடு" என்றால் மட்டும் "பாடு" என்று எழுதினாள். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது காத்தூன் பீவிக்குப் பிடிபடவே ஒரு மாதம் ஆயிற்று.

மஜீதுக்கு ஒரு வருத்தம் இருந்தது. வேலை முடிந்து வந்து அவன் மகளிடம் ஏதாவது கேட்பான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உம்மா பக்கம் திரும்புவாள். உம்மா திருப்பிச் சொன்னால்தான் பதில் வரும்.

"நீ சொன்னா புரியுது. நான் சொன்னா மட்டும் இன்னாவாம்?"

சௌக்கத் அலிதான் சொன்னான். "உங்க வாய் தெரியல வாப்பா. மீசை மறைக்குது."

மஜீதின் மீசை கப்பல் ஆட்களிடையே பேர்போனது. அவன் முகம் சுருங்கிப் போய்ப் படுத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து, அம்பட்டன் கடையில் மீசையை வழித்துவிட்டு வேலைக்குப் போனான். "இன்னா மாமு, பந்தயத்துல தோத்துட்டியா?" என்று ஷிப்டு முழுக்கச் சிரித்தார்கள். அவன் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மகள் முன்னால் குந்தி, "சாப்ட்டியா?" என்றான்.

அஜீசா அவன் வாயை உற்றுப் பார்த்தாள். "சாப்ட்டேன்" என்றாள். பிறகு, "வாப்பா, உங்களுக்கு ஒரு பல்லு இல்ல" என்றாள். மஜீது சிரிக்கத்தான் போனான். சிரிப்பு வராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் ஏப்ரலில், பழைய பள்ளிக்கூடத்திலேயே அஞ்சாம் வகுப்புப் பரீட்சை எழுத அவளை அனுமதித்தார்கள். கணக்கில் கஷ்டமில்லை. சொல்வதை எழுதும் பரீட்சைக்கு அஞ்சாம் வகுப்பு லியோனார்ட் வாத்தியார் புத்தகமும் கையுமாக உலாத்தியபடி வாசிக்கத் தொடங்கினார். வாசலில் நின்றிருந்த காத்தூன் பீவி உள்ளே வந்துவிட்டாள்.

"ஐயா, கொஞ்சம் ஒரே எடத்துல நின்னுக்கினு சொல்லுங்க. அது உங்க வாயப் பாத்துதான் எழுதும்."

அவர் நின்றார். கடைசி வரி வரை அசையவில்லை. அஜீசா "மழை" என்பதைப் "பழை" என்றும் "பாத்திரம்" என்பதை "மாத்திரம்" என்றும் எழுதியிருந்தாள். அப்படியும் பாஸ்.

லியோனார்ட் வாத்தியார் மறைக்காமல் பேசினார். "ஆறாங் கிளாஸ்ல சேத்துக்கறோம்மா. ஆனா அம்பத்திரண்டு பசங்க. போர்டுப் பக்கம் திரும்பித்தான் பாடம் நடத்தணும். இவ ஒருத்திக்காக யாரும் நிக்க மாட்டாங்க. உனக்கே தெரியும்."

தெரியும். இந்த முறை யாரையும் கேட்காமலே அவள் முடிவு செய்தாள். சௌக்கத் அலிக்கு வீட்டில் அடைந்து கிடந்தது போதும் என்றாகிவிட்டது. அவனைத் திரும்பப் பள்ளியில் சேர்த்தாள். அஜீசாவுக்கு ஆறாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வெயிலில் வழியெல்லாம் கால் சுட்டது.

கணக்குப் புத்தகத்தில் பாதி காத்தூன் பீவி படிக்காதது. கடைசியாக இங்கிலீஷ் புத்தகம். அதில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. மஜீது வந்ததும் அதை அவன் மடியில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"என்னால இதுக்கு மேல ஆவாதுங்க."

மஜீது பக்கங்களைப் புரட்டினான். சரக்குப் பெட்டிகளின் மேல் அச்சடித்த எழுத்துகளைத் தினமும் பார்க்கிறவன். முகம் கழுவிக்கொண்டு வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அஜீசா எதிரே உட்கார்ந்து, "ஏ" என்றான். அவனுக்குப் பதினேழு எழுத்துதான் தெரிந்தது. மீதி ஒன்பதை மறுநாள் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவரிடம் கேட்டுக்கொண்டு வந்தான்.