ஃபிரிட்ஜுக்குள் பெல்ட்

போன மாதக் கச்சேரியில் லிஃப்ட் மெக்கானிக் செய்த தப்பு சின்னதுதான். ஹால் சமையலறை ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான், திரும்ப மாட்ட மறந்துவிட்டான். மறுநாள் காலை சமையல்காரம்மா ஃபிரிட்ஜைத் திறந்தபோது நாற்பது பெரியவர்களின் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பாலும் கோழியும் மூக்கைத் துளைத்தன. பெரியவர்கள் அன்று ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டு முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் பதினோரு பேர் கச்சேரிக்கும் வருகிறவர்கள். இதுவரை அவனை மன்னித்தவர் ஒருவரும் இல்லை.

நாலு தெருவுக்குப் பொதுவான ஹால் அது. வார நாட்களில் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். ஒரு மூலையில் மடித்துவைத்த டேபிள் டென்னிஸ் மேஜை. பின்சுவரில் ஜன்னல் போல ஒரு திறப்பு, அதற்கு அந்தப் பக்கம் சமையலறை. மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நாலு மணிக்கு மூன்று பேர் வாசிப்பார்கள். வயலின் அவனுடைய அக்கா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா அவள் புருஷன், பூட்டுக்கடை வைத்திருக்கிறவர். கால்களுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்து வாசிக்கும் பெரிய செல்லோ, மெக்கானிக்கான அவன். மைக் கிடையாது, மேடை கிடையாது. முதல் வரிசைக்காரர் காலை நீட்டினால் செல்லோவில் இடிக்கும்.

அந்த ஃபிரிட்ஜ் சும்மா இருக்காது. கிழட்டு எருமை மாதிரி ஒரே சுரத்தில் உறுமும். கடைசி உருப்படியை அவன்தான் தனியாக, ரொம்ப மெல்ல, ஒரு நீண்ட சுரத்தில் தொடங்க வேண்டும். ஃபிரிட்ஜின் சுரம் அதற்கு மயிரிழை கீழே இருந்தது. இரண்டும் உரசினால் கேட்பவருக்குத் தப்பு செல்லோவில்தான் தெரியும். ஃபிரிட்ஜை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? முதல் வரிசையில் உட்காரும் ரிடையரான தபால்காரம்மா அக்காவிடமே சொல்லிவிட்டாள்: "உங்க தம்பி வீட்ல கொஞ்சம் வாசிச்சுப் பாக்கலாம்." அந்த ஒரு வாக்கியம்தான் பிளக் வரை அவன் கையைக் கொண்டுபோனது.

இந்த மாதம் மூன்றே முக்காலுக்குச் சமையலறையில் போய் நின்றான்.

"பிளக்கத் தொட்ட, அதோட சரி. ஹால் சாவி என்கிட்ட," என்றாள் சமையல்காரம்மா, பாத்திரத்தைத் துடைத்தபடி. "குதிச்சுக் குதிச்சு எக்சர்சைஸ் பண்ற கோஷ்டி ஒண்ணு ஞாயித்துக்கிழமையக் கேட்டு உயிர வாங்குது. அவங்களுக்குக் கொடுத்துருவேன்."

"அரை மணி நேரந்தாம்மா. நாலரைக்கு நானே மாட்டிடறேன்."

"போன மாசமும் நீதானப்பா மாட்டறதா இருந்த?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான். "ஃபோன ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிட்டுப் போறேன். அத எடுக்க வரணும்ல?"

அவள் ஒரு டிராயரை இழுத்துக் காட்டினாள். உள்ளே மூன்று ஃபோன்கள். "இதெல்லாம் மறந்துட்டுப் போனவங்களோடது."

"வீட்டுச் சாவி?"

"உங்க அக்காகிட்ட இன்னொண்ணு இருக்கு." அவனைத் தலையிலிருந்து அளந்தாள். கண் இடுப்பில் வந்து நின்றது. கச்சேரிக்குப் போட்டிருந்த கறுப்புப் பேன்ட் அக்கா புருஷனான மாமாவுடையது. அவனிடம் இருந்ததெல்லாம் நீல நிற வேலைச் சீருடைதான். மாமாவின் இடுப்பளவில் அவனைப் போல இரண்டு பேரை அடைக்கலாம்.

"பெல்ட்டக் கழட்டு."

"அம்மா!"

"உக்காந்துதான வாசிக்கற?"

பிளாஸ்டிக் பையில் சுற்றிய பெல்ட் பாலுக்கும் முட்டைக்கும் நடுவே போனது. பேன்ட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவன் நாற்காலிக்கு வந்தான். மாமா ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"எந்திரிக்கறதுன்னா முன்னாடியே சொல்லிடு மாப்ள, நான் கண்ண மூடிக்கறேன்."

"இருபத்திமூணு பேர் வந்திருக்காங்க மாமா. எல்லாருக்கும் சொல்லணும்."

நாலு மணிக்குச் சமையல்காரம்மா பிளக்கைப் பிடுங்க, ஃபிரிட்ஜ் நின்றதும் ஹாலே பெருமூச்சு விட்டது போலிருந்தது. இரண்டு உருப்படிகள் ஓடின. கடைசி உருப்படியில் அவன் சுரம் தனியாக, சுத்தமாக எழுந்தது. தபால்காரம்மா தலையாட்டினாள். முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தேழு. கைதட்டல். அக்காவும் மாமாவும் எழுந்து வணங்கினார்கள். அவன் ஓர் அங்குலம் எழுந்தான். பேன்ட் எழவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிடா," என்று அக்கா உதட்டை அசைக்காமல் சொன்னாள். அவளுக்குப் பெல்ட் சங்கதி தெரியாது.

"முடியாது."

"என்னடா கொழுப்பு?"

தபால்காரம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "செல்லோக்காரர் எந்திரிக்கல பாருங்க. இன்னொண்ணு இருக்கு, உக்காருங்க!"

கிளம்ப எழுந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இன்னொன்று என்று எதுவும் இல்லை. அக்கா பல்லைக் கடித்தாள். "கடைசியா வாசிச்சதையே மறுபடி ஆரம்பி. வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

நாலு இருபத்தொன்பது. அவன் திறப்பைப் பார்த்தான். சமையல்காரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லால் பிளக் இருந்த பக்கம் காட்டினான். சபையே அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் தொடங்கினான்.

நாலரைக்கு அவள் திறப்பிலிருந்து மறைந்தாள். தடக்கென்று ஒரு சத்தம். கிழட்டு எருமை எழுந்து உறுமியது. போச்சு, என்று நினைத்தான். அடுத்த மாதம் இங்கே குதிப்பார்கள்.

சுரங்கள் இரண்டும் உரசின. தபால்காரம்மாவின் முகம் கோண ஆரம்பித்தது. அவன் யோசிக்கவில்லை, விரல்தான் தந்தியில் மயிரிழை நகர்ந்து இறங்கியது. உரசல் நின்றது. வியோலா நுழையும் இடத்தில் மாமா அவன் விரலைப் பார்த்துவிட்டு அந்த அளவுக்கே இறங்கி நுழைந்தார். குறுக்கே ஓடும் ஆட்டோவைப் பார்ப்பது போல் அக்கா இருவரையும் பார்த்தாள். இரண்டு சுரம் வரை பிடிவாதமாக நின்றாள். பிறகு அவளும் இறங்கினாள். இப்போது எருமை அவர்களோடு சேர்ந்து அடியில் நின்றது. நாற்காலிக் கால்கள் வரை அதிர்ந்தது. எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேர் தரையைக் குனிந்து பார்த்தார்கள்.

எல்லாரும் போகும்வரை அவன் எழவில்லை. தபால்காரம்மா வாசலில் அக்காவைப் பிடித்து, "ரெண்டாவது தடவதான் கச்சிதம், தம்பி வீட்ல வாசிக்கறார்னு தெரியுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்லோவை முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவன் சமையலறைக்கு நடந்தான்.

"நாலரைக்கு நீ மாட்டல," என்றாள் சமையல்காரம்மா.

"எந்திரிக்க முடியலம்மா."

"பாத்தேன். அதான் நான் மாட்டினேன்." ஃபிரிட்ஜின் தலையைத் துணியால் துடைத்தாள். "மொதல் தடவ வாசிச்சப்ப என்னமோ கொறஞ்ச மாதிரியே இருந்துச்சு. இவனும் சேர்ந்தப்புறம்தான் கேக்க நல்லா இருந்துச்சு. அடுத்த மாசம் பிளக்ல கை வெக்காத. இவனோடயே வாசி."

ஹால் சாவியை மேஜைமேல் தள்ளினாள். பையிலிருந்து பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டு பெல்ட்டை மாட்டினான். ஃபிரிட்ஜில் ஜில்லிட்டிருந்த பக்கிள் வயிற்றில் பட்டதும் துள்ளிக் குதித்தான்.

"குதிக்கறதா இருந்தா சொல்லு," என்றாள். "அந்தக் கோஷ்டில சேத்துவிடறேன்."