உள்பக்கம் என்ன நிறம்

உலக விஞ்ஞானிகளின் மேலான கவனத்துக்கு: இன்று உயிரோடிருக்கும் எவர் கண்ணிலும் படாத ஒரு கும்பிடுபூச்சி, காலை வெயிலில், ஒரு வாடகை வீட்டின் பின்சுவரில் பாசியோடு பாசியாக உட்கார்ந்திருந்தது. படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாகக் கண்டுபிடித்தவர், புரண்டு படுக்கவே ஆள் தேவைப்படுகிற முன்னாள் கணக்கு டீச்சர். சரிபார்க்க அனுப்பப்பட்டவர் அவருடைய கணவர். பூச்சி என்றால் செருப்பைத் தேடுகிறவர்.

"மருந்த அப்படியே வெச்சுட்டுப் போங்க. பூச்சி போயிடும்."

இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கணவர் வாதாடவில்லை. போனார்.

டீச்சர் ஏற்கெனவே மூன்று அபூர்வப் பூச்சிகளைக் கண்டுபிடித்தவர். பூச்சி ஆர்வலர் சங்கத் தலைவர் மூன்றையும் பரிசீலித்தார். இரண்டு, எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருப்பவை. மூன்றாவதைப் பற்றி ஆண்டுக்கூட்டத்தில் மைக் பிடித்தே சொன்னார்: "அம்மா, அது காய்ஞ்ச இலை." எல்லாரோடும் சேர்ந்து டீச்சரும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடவில்லை.

"பாத்தீங்களா?" ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. குரல் என்ன, குரலின் மிச்சம்.

"பாத்துட்டேன்."

"என்ன நிறம்?"

"நீ சொன்ன அதே நிறந்தான்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

மாட்டிக்கொண்டார். காப்பீட்டு முகவராக ஊருக்கெல்லாம் தலையாட்டிப் பிழைத்தவர், வீட்டிலும் மனைவியின் பூச்சிகளைப் பார்க்காமலே பாராட்டி வந்திருந்தார்.

"முன்னங்கை உள்பக்கம் பாருங்க. மடக்கி வெச்சிருக்கும், ஊதினா விரிக்கும். டீ ஆறவெக்கற மாதிரி வேணாம். மெதுவா."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குந்தினார். முழங்கால் சொடக்குப் போட்டது. முதலில் பாசி மட்டும் தெரிந்தது. பிறகு அந்தப் பாசியில் ஒரு துணுக்கு தலையைத் திருப்பி, கூப்பிட்டீர்களா என்பதுபோல் அவரை நேராகப் பார்த்தது. அவர் ஊதினார்.

அது கைகளை அகல விரித்தது. அழுக்குப் பச்சைக்குள் அப்படியொரு நீலம். அதில் வெள்ளைப் பொடிகள், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்ததுபோல். இருந்தது விரல் நீளம். ஆனால் அது மிரட்டிய மிரட்டலில் பின்வாங்கியிருக்க வேண்டியவர் அவர்தான். அவரால் முடியவில்லை. ஊதிய வாய் குவிந்தபடியே நின்றது.

"சிவப்புப் புள்ளி இருக்கா?"

ஆமாம் என்றால் சந்தோஷப்படுவாளோ? ஆமாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது இன்னமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. சிவப்பே இல்ல. நீலம். உள்ள வெள்ளையா, பொடிப்பொடியா."

கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார்.

"நீலமா?"

கடைசி பெஞ்சிலிருந்து சரியான விடை வந்தால் டீச்சருக்கு வரும் குரல்.

"அசையாதீங்க. அதுவா போற வரைக்கும் பாருங்க."

பார்த்தார். அது ஒரு கையை மடக்கியது, மறுகையை மடக்கியது, முகம் துடைத்துக்கொண்டது, சுவரேறி மறைந்தது. சொல்வதற்கு உள்ளே ஓடினார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடியே இறந்திருந்தார். கரண்டியில் மருந்து அப்படியே இருந்தது.

மதியம் சங்கத் தலைவர் மலர்வளையத்தோடும், அதைவிடச் சற்றே சிறிய, சட்டையில் குத்திய சங்கச் சின்னத்தோடும் வந்தார். பூச்சி உலகத்துக்கே பேரிழப்பு என்றார்.

"சார், கும்பிடுபூச்சிக்கு உள்பக்கம் நீலமா இருந்தா?"

"நீலமா? சிவப்புதான் தோட்டத்துக்குத் தோட்டம் கெடக்கு. நீலத்தப் பழைய புஸ்தகத்துல வரைஞ்ச படமாத்தான் பாத்திருக்கேன். உயிரோட பாத்த ஆளே இல்ல. ஏன், பாத்தீங்களா? போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல."

தலைவர் அவர் தோளைத் தட்டினார். "துக்கத்துல இப்படித்தான் சார், என்னென்னவோ தெரியும்."

கூடத்தில் தலைவர் இரங்கலுரைக்காகத் தொண்டையைச் செருமியபோது கணவர் பின்பக்கம் போய்விட்டார். சுவரில், பாசிக்கு நடுவே, விரல் நீளத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குந்தினார். வாயைக் குவித்து மெதுவாக ஊதினார். காத்திருந்தார். மறுபடியும் ஊதினார்.

அது காய்ந்த இலை.