கொடிக்கால் கிணற்றில் கடல்

1974ஆம் ஆண்டு ஆவணியில், பினாங்கு துறைமுகத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பேயாண்டி குத்துப்பட்டு இறந்த அதே நேரத்தில், சோழவந்தானில் அவருடைய வெற்றிலைக் கொடிக்கால் கிணற்றுக்குள் கடல் வந்தது. காலை எட்டு மணி. தம்பி காளை மோட்டாரைப் போட்டான். வாய்க்காலில் உப்புத் தண்ணீரும் இரண்டு நண்டுகளும் வந்து விழுந்தன. தந்தி மூன்றாம் நாள்தான் வந்தது. கோயில் சிலைகளைக் கடத்திவிட்டுக் கப்பலேறிய சிவனாண்டியைப் பிடித்துவரப் போன இடத்தில் அவனே பேயாண்டியைக் கொன்றுவிட்டான் என்றும், உடல் அகப்படவில்லை என்றும் அதில் இருந்தது.

கிணறு நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. ஒரு மாதத்தில் கொடிகள் கருகின. தாசில்தார் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, ‘உப்பு’ என்று எழுதிக்கொண்டு போனார். வண்டியூரிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து சொறி சிரங்குக்கு அதில் குளித்தார்கள். பேயாண்டியின் மனைவி அன்னக்கொடி தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள்.

“போயி அவனை முடிச்சிட்டு வாரேன், மதினி” என்றான் காளை.

“அவனை முடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? அவுக எங்க கெடக்காகன்னு கேட்டு வாங்க தம்பி. அது போதும்.”

சரி என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் மூன்று வருடம் பினாங்கில் மூட்டை தூக்கும்போது, முதலில் தான் சொன்னது மட்டுமே அவனுக்கு நினைவிருந்தது. 1977இல் ஒரு மத்தியானம், மீன் மார்க்கெட்டில் சிவனாண்டி இறாலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். காளையின் முகத்தில் அண்ணனின் சாடையைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினான். சரக்குக் கிட்டங்கிகளின் தகரக் கூரைமேல் இருவரும் ஓடினார்கள். சிவனாண்டி திரும்பிச் சுட்டதில் காளையின் இடது காதுமடல் பறந்தது. கூரை விளிம்பிலிருந்து படகில் குதித்தவன்மேல் காளையும் குதித்தான். கட்டிப் புரண்டதில் துப்பாக்கி தண்ணீரில் விழுந்தது. படகு நடுக்கால்வாய்க்குப் போய்க் கவிழ்ந்தது.

காளை கவிழ்ந்த படகின்மேல் ஏறிக்கொண்டான். சிவனாண்டிக்கு நீச்சல் வராது. தண்ணீருக்குள்ளிருந்து அவன் கையை நீட்டினான்.

“அண்ணே, கையக் குடுங்க. ஒங்க அண்ணன் விசயம் ஒண்ணு சொல்லணும்ணே.”

காளை கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தான். தலை மூன்று முறை மேலே வந்தது. பிறகு வரவில்லை.

ஊருக்கு வரக் கப்பலில் ஏழு நாளானது. சிவனாண்டி முந்திவிட்டான். செத்த அன்று சாயங்காலமே, தண்ணீர் ஏறியபோது, கிணற்றில் வந்து மிதந்திருந்தான். முகத்தை மீன் தின்றிருந்தது. நாலு பேர் இறங்கித் தூக்கினார்கள். பேயாண்டிதான் வந்துவிட்டார் என்று ஊர் அழுதது. அன்னக்கொடி அழவில்லை. குளிப்பாட்டி, கோடி போட்டு, கொடிக்கால் ஓரத்தில் அடக்கம் செய்யவைத்தாள். காளை வந்தபோது தாலி அவள் கழுத்திலேயே இருந்தது.

புதுமண் மேட்டைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

“மதினி, இது அண்ணன் இல்ல.”

“தெரியும். அவுகளுக்கு ஏது இம்புட்டு நீளக் காலு? வாசலுக்கு வந்த உசுரில்லாத ஆளை வேற என்ன செய்யச் சொல்றீக?”

“சிவனாண்டி. நான்தான்... கையை நீட்டுனான், நான் குடுக்கல.”

“அவுகளை எங்க போட்டானாம்?”

“என்னமோ சொல்ல வந்தான்.”

“என்ன சொன்னான்?”

உலகத்தில் அதைத் தெரிந்த ஒரே மனிதன் அந்த மண்ணுக்குள் கிடந்தான். அன்னக்கொடி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று பிற்பாடு பல வருடம் காளை நினைத்தான்.

மறுநாள் அவள் கிணற்றுத் தூணில் ஒரு வடக்கயிற்றைக் கட்டி உள்ளே விட்டாள். “வந்தா ஏறி வரணும்ல” என்றாள். காளை வெற்றிலையை விட்டுத் தென்னை வைத்தான்; உப்புக்கு அது தாங்கியது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிணற்றில் அந்நிய எழுத்துப் பாட்டில்கள் வந்தன, ஒரு செருப்பு வந்தது, 1983இல் உடைந்த துடுப்பு ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் அன்னக்கொடி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று வைத்தாள். உப்புத் தண்ணீரில் கயிறு ஒரு வருடத்துக்குமேல் தாங்காது. தை பிறந்ததும் காளை மதுரைக்கு பஸ் ஏறுவான். கயிற்றுக் கடைக்காரர் இப்போதெல்லாம் எத்தனை முழம் என்று கேட்பதில்லை; அளந்தே வைத்திருக்கிறார்.