கழற்றாத சிவப்பு வயர்

மூன்று ஆணிகளில் இரண்டில்தான் வயர் தொங்கியது.

பட்டறையில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பேர். கார் ஏசியின் மின்வேலை எதுவானாலும் அவளிடம்தான் வரும். செய்ததை மூன்று தடவை பார்க்காமல் வண்டியை விடமாட்டாள். சோதனைக்கென்று வைத்திருந்த மூன்று சிவப்பு வயர்களும் சுவரில் தத்தம் ஆணிக்குத் திரும்பிய பிறகே பானட்டை மூடுவது அவள் வழக்கம். மதியம் சாப்பிடக் கை கழுவிவிட்டுத் திரும்பியவள் கண்ணில் காலி ஆணி பட்டது.

காலையில் அவள் தொட்டது ஒரே வண்டிதான். அக்கா புருஷனுடைய பழைய கார். குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பியிருந்தார்கள். பின்சீட்டில் அக்கா, மடியில் இரண்டு வயது மகள். ஏசி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது என்றார் அவர்.

ஏசி கேஸை அழுத்திக் குளிரை உண்டாக்கும் கம்ப்ரெஸர் ஓடலாமா, நிற்கலாமா என்று முடிவு செய்வது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கேஸ் குழாயில் அழுத்தம் எல்லை மீறினால் அங்குள்ள சுவிட்ச் அதற்குச் சேதி சொல்லும். பெட்டி கம்ப்ரெஸரை நிறுத்திவிடும். அவள் அந்தச் சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் சிவப்பு வயரால் இணைத்திருந்தாள். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பெட்டியை நம்பவைக்கும் பொய் அது. சோதனை நேரத்துக்கு மட்டும் சொல்லலாம். காற்று ஜில்லென்று வந்தது.

"வந்துடுச்சுல்ல? மூடு, மூடு."

"ஒரு நிமிஷம் மாமா, இன்னொரு தடவை பாத்துடறேன்."

"நீ பாத்து முடிக்கறதுக்குள்ள என் மக காலேஜுக்கே போயிடுவா! உன் சந்தேகத்த நிறுத்த ஒரு சுவிட்ச் இல்லையா மச்சினி?"

பட்டறையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவளுக்கு முகம் சூடேறியது. அவர் பானட்டை ஓங்கி மூடியபோது தடுக்கவில்லை.

இப்போது காலி ஆணியின் முன்னால் நின்றபடி ஒவ்வொன்றாக யோசித்தாள். சுவிட்ச் கெடவில்லை. குளிர்விக்கும் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அழுத்தம் ஏறுகிறது, சுவிட்ச் நிறுத்துகிறது. அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டியது அவள். மலை ஏற்றத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் கம்ப்ரெஸர் இறுகி நிற்கும். அதைச் சுழற்றும் பெல்ட் அறுந்தால், அதே பெல்ட்டில் ஓடும் ஸ்டியரிங் பம்பும் நின்று, ஸ்டியரிங் திருப்ப முடியாமல் கனத்துவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

போன் செய்தாள். நாலாவது மணியில் அக்கா புருஷன் எடுத்தார்.

"என்னம்மா 'சந்தேகம்', இப்ப என்ன சந்தேகம்?"

சொல்ல வாய் திறந்தாள். பின்னால் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல மாமா... கேஸ் கொஞ்சம் கம்மியோன்னு தோணுது. ஏசிய அணைச்சுடுங்க. மலை காத்தே போதும்."

"சரி தாயே, அணைச்சாச்சு. நிம்மதியா சாப்பிடு."

டிபனைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்திருப்பாள். தெருவில் மழைத்துளி விழுந்தது. எடுத்த கை அப்படியே நின்றது. மழை வந்தால் கண்ணாடியில் ஆவி படியும். ஆவியைப் போக்கும் பட்டனை அழுத்தினால், ஏசி அணைந்திருந்தாலும் பெட்டி தானாகவே கம்ப்ரெஸரை ஓட்டும். ஈரத்தை உறிஞ்ச அதுதான் வழி. அவருக்கு அது தெரியாது. ஏசி ஏன் கூடாதென்றும் தெரியாது. அவள்தான் சொல்லவில்லையே.

மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி.

"என்னம்மா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் முதலாளி.

சொன்னாள். அவர் திட்டவில்லை. இழுவை வண்டிச் சாவியை எடுத்தார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மலையடிவாரத்தைத் தாண்டியபோது போன் கிடைத்தது. எடுத்தது அக்கா.

"இங்க மழை கொட்டுதுடி. கண்ணாடி ஒண்ணுமே தெரியல. மாமா ஏதோ பட்டன் போட்டாரு, இப்பதான் தெளியுது. ஆனா முன்னாடி ஏதோ கிரீச்சுனு..."

"அக்கா, வண்டிய நிறுத்தச் சொல்லு! தப்பு பண்ணிட்டேன். வயரக் கழட்டாம விட்டுட்டேன். கேஸ் கம்மின்னு சொன்னது பொய். எல்லாரும் சிரிப்பீங்கன்னு மறைச்சுட்டேன். பட்டன அணைச்சுட்டு நிறுத்தச் சொல்லு!"

அக்கா அதை அப்படியே திருப்பிச் சொல்வது கேட்டது. "வளைவுல எங்கடி நிறுத்தறது? இரு, மெதுவாப் போறேன்" என்றார் அவர். பிறகு சாட்டையைச் சொடுக்கியது போல் ஒரு சத்தம். குழந்தை வீறிட்டது. வேறு ஒன்றும் இல்லை. போன் துண்டிக்கப்படவில்லை, மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளி கியரை மாற்றினார். அவள் வினாடிகளை எண்ணினாள். பதினேழு.

"நின்னுடுச்சு," என்றாள் அக்கா. குரல் அவளுடையதாகவே இல்லை. "ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சாம். பாறையில உரசி நின்னிருக்கு. மெதுவா வந்ததால..."

போய்ச் சேர்ந்தபோது அக்கா புருஷன் மழையில் வெறுமனே நின்றிருந்தார். கேலி ஒன்றும் வரவில்லை. "வேகமாத்தான் வந்துட்டிருந்தேன். நீ சொன்னப்புறம்தான் கால எடுத்தேன்," என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

காரைக் கொக்கியில் மாட்டினார்கள். இழுவை வண்டியின் முன்பக்கத்தில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். குழந்தை சித்தியிடம் தாவியது. அக்கா கொடுக்கவில்லை, மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஐந்து பேர் மூச்சில் கண்ணாடி மங்கியது. முதலாளியின் கை பட்டனுக்குப் போனது.

"வேணாம்!" என்று அக்கா அலறினாள்.

"இது நல்லா இருக்கும்மா. நானே பாத்து வெச்சிருக்கேன்."

"வேணாம்ணே," என்றாள் அக்கா மறுபடி.

முதலாளி தங்கையைப் பார்த்தார். அவள் சீட்டுக்கடியிலிருந்து துணியை உருவினாள். வளைவுக்கு வளைவு வண்டியை ஊர விட்டார் அவர். மங்க மங்க அவள் எட்டித் துடைத்தாள். அக்கா பள்ளத்தைப் பார்க்காமல் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.