முனவர் பேகத்தின் முதல் எண்

அருகே வாருங்கள், கண்ணுகளா. அந்த ஃபோனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். உயிரில்லாத ஒரு பொம்மையை நடுவில் கிடத்தி, ஒரு வாத்தியாரை இருபது பேர் மடக்கிய கதை என்னிடம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

ராயக்கோட்டை ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருப்பவள் முனவர் பேகம். வண்டி ஓட்டுகிறவர் திம்மப்பன். ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் டிரைவரைப் பைலட் என்றுதான் சொல்வார்கள். திம்மப்பனும் கெலமங்கலம் ரோட்டு வேகத்தடைகளில் வண்டியைப் பறக்கவிட்டு அந்தப் பேருக்கு நியாயம் செய்துவந்தார்.

இந்த வேலைக்கு ஒருமுறை படித்த படிப்பு ஆயுசுக்கும் போதாது. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம், பைலட்டும் சேர்ந்தே, ஓசூருக்குப் போய் மூன்று நாள் மறுபடி படிக்க வேண்டும். கடைசி நாள் செய்முறைத் தேர்வு. தேறாதவர்களை வண்டியிலிருந்து இறக்கி, ஆபீசில் ஃபோன் எடுக்கும் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். முனவருக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே இடுப்பு வலித்தது. பதினோரு வருஷமாக ஓடுகிற வண்டிக்குள் நின்று பழகிய உடம்பு.

இந்தமுறை பாடம் நடத்த சேலத்திலிருந்து ஆரோக்கியநாதன் வந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சா, கூரையே விழுந்தாலும் கையை நிறுத்தக் கூடாது. சத்தமா எண்ணணும். முப்பது அழுத்து, ரெண்டு மூச்சு. இப்படி அஞ்சு சுத்து."

தேர்வு நாளில் முனவர் பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டாள். சரியான ஆழத்தில், சரியான வேகத்தில் அழுத்தினால் பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரியும். எரிந்தது.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு…"

"நிறுத்துங்க. மொதல்ல என்னம்மா சொன்னீங்க?"

"லாபம் சார்."

"ஒருத்தர் நெஞ்சு நின்னு கெடக்கறார். அதுல உங்களுக்கு என்னா லாபம்?"

முனவரின் அத்தா ஜமீர் அகமது ராயக்கோட்டை சந்தையில் தக்காளி வியாபாரி. அங்கே முதல் பெட்டியை ஒன்று என்று எண்ணுகிற வழக்கம் கிடையாது. லாபம் என்று தொடங்கி, அப்புறம்தான் இரண்டு, மூன்று. பள்ளிக்கூடம் போகும் முன்பே பெட்டி எண்ணப் பழகியவள் நாக்கில் ஒன்று என்ற சொல் குடியேறவே இல்லை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு வாய்ப்பு தர்றேன். ஒண்ணுல ஆரம்பிக்கணும். இல்லன்னா ஃபெயில்தான்."

வெளியே ஆம்புலன்ஸின் பின்படியில் உட்கார்ந்து, பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் முனவர் அழுத்திப் பார்த்தாள். ஒண்ணு என்றதுமே கை தடுமாறியது.

"கன்னடத்துல எண்ணுக்கா," என்றார் திம்மப்பன். "ஒந்து, எரடு. அவருக்கு எங்க புரியப்போவுது."

"எனக்கே பன்னெண்டுக்கு மேல வராதுப்பா."

"அப்போ பன்னெண்டோட ஆளு போய்ட்டான்."

"உனக்கு வெளாட்டு. நாளைக்கு நான் நாற்காலிக்குப் போய்டுவேன். உன் வண்டிக்குப் புதுசா யாராவது வருவாங்க."

திம்மப்பன் தன் முட்டையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு அவளுடைய பொட்டலத்தைப் பிரித்து, அந்த முட்டையையும் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"போன வருசம் கம்பெனி பஸ்ல ஒருத்தர் சாஞ்சாரே, லாபம்னுதான எண்ணுன? இப்போ பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வெச்சாரு."

"அதை சார்கிட்ட சொல்லு."

"சொன்னா கேக்க மாட்டாரு. வேற வழி இருக்குது." எழுந்துபோய், வகுப்பில் ஒவ்வொருவர் காதிலும் ஏதோ ஓதினார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடியதும் திம்மப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், அக்கா செய்யறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க. எண்ணறதை நாங்க பாத்துக்கறோம். நீங்க எதுக்கு மூச்சை வீணாக்கணும்."

இவ்வளவு பணிவாகக் கேட்டால் எந்த வாத்தியார் மறுப்பார்? ஆரோக்கியநாதன் மண்டியிட்டார். முதல் அழுத்து விழுந்தது.

"லாபம்," என்றது வகுப்பு மொத்தமும்.

நிமிர்ந்து முறைத்தார். ஆனால் கையை நிறுத்த முடியவில்லை. கூரை இன்னும் விழவில்லையே. அவர் போட்ட சட்டம் அவரையே பிடித்துக்கொண்டது. "ரெண்டு, மூணு, நாலு…" லாரியில் பெட்டி ஏற்றும்போது பிறக்கும் தாளம் அந்த அறைக்குள் வந்துவிட்டது. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. இரண்டாம் சுற்றில் அவர் பார்வை தணிந்தது. மூன்றாம் சுற்றில் உதடு அசைந்தது. நான்காம் சுற்றில் அவரும் சேர்ந்துகொண்டார். ஐந்தாம் சுற்று தொடங்கும்போது திம்மப்பன் விரலைத் தூக்கினார். வகுப்பு சட்டென்று வாயை மூடிக்கொண்டது. அமைதியான அறையில் ஒரே ஒரு குரல் கேட்டது.

"லாபம்," என்றார் ஆரோக்கியநாதன்.

முப்பதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க ஒருத்தி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேர்வுத்தாளைப் புரட்டினார். 'உரக்க எண்ணினாரா?' என்றுதான் அச்சிட்டிருந்தது. எந்தச் சொல்லில் என்று இல்லை.

"வாங்க முனவர். உங்க வாய்க்கு வர்ற மாதிரியே எண்ணுங்க. ஆனா முப்பதுன்னா முப்பது இருக்கணும்."

இருந்தது. ஐந்து சுற்றிலும் பச்சை விளக்கு கண் சிமிட்டவில்லை. அவர் தாளில் ஒரு டிக் போட்டார், கொஞ்சம் பெரிதாகவே.

"அடுத்தது பைலட்," என்றார். "பத்து சுத்து."

வயிற்றில் இரண்டு முட்டையோடு திம்மப்பன் மண்டியிட்டார்.

மறுநாள் காலை முனவர் வண்டியின் பின்கதவைத் திறந்து ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சரிபார்த்தாள். லாபம், ரெண்டு.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, எதை எண்ணினாலும் லாபத்தில் தொடங்கட்டும். பானையில் அரிசியும் நெஞ்சில் தாளமும் குறையாதிருக்கட்டும். முனவரின் வண்டி என்றைக்காவது உங்கள் வாசலில் நின்றால், அது திம்மப்பன் மோர் கேட்டு நிறுத்தியதாகவே இருக்கட்டும்.