படியெடுத்தவர் மாற்றிய சொற்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. 1997இல் ஒரு பொலிஸ் நிலைய வாசலில் நின்று என் கணவரிடம் நான் சொன்ன பொய். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இனி அதை உங்களிடம்தான் ஒப்புக்கொள்ள முடியும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டயகமவில் மூடுபனி இறங்கிய ஒரு காலையில்..."

அடித்துவிட்டேன். அன்று பனி இல்லை. நல்ல வெயில். எங்கள் லயத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டிருந்தேன்.

2

என் கணவர் கணேசமூர்த்தி தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். வார இறுதியில் பஸ் ஏறிப் பல்கலைக்கழகம் போய், மொழியியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். தோட்டத்து மக்கள் பேசுவதை ஒலிநாடாவில் பதிய வேண்டும். வாயில் வந்தது வந்தபடி எழுத வேண்டும். அதற்கென்று தனி எழுத்து இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துகள் சில தலைகீழாக நிற்கும், சிலவற்றுக்கு வால் முளைத்திருக்கும். அதை எனக்கும் கற்றுத்தந்தார். அவர் பள்ளிக்கூடம் போன பிறகு நான் நாடாவைப் போட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதுவேன்.

(நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை மட்டும் படித்தவள். இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன்.)

அவருக்கு இருந்தது ஒரே சட்டம். "காதுல விழுந்தத எழுது நாகு. திருத்தாத. திருத்துனா அது ஒம் பேச்சு, நம்ம ஆளுங்க பேச்சு இல்ல."

3

பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா, லயத்துக்குக் குடிக்க வரும் பீலித் தண்ணீரைத் தன் வீட்டுத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்ட கணக்கப்பிள்ளையை வெறும் குடத்தோடு நின்று திட்டியது நாற்பது நிமிடம் நாடாவில் இருந்தது. அதில் ஒரு இடத்தில் அவரை [          ] என்றாள்.

நான் "பாவி" என்று எழுதினேன்.

பேராசிரியர்கள் படிக்கப் போகிற கொப்பி. தோட்டத்துப் பெண்கள் இப்படித்தான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. இன்னும் சில இடங்களிலும் அப்படியே செய்தேன்.

4

ஒரு சனிக்கிழமை, சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி என் கணவர் பையைத் திறந்தார்கள். உள்ளே ரெக்கோடர், நாடாக்கள், என் கையெழுத்தில் மூன்று கொப்பி. அந்த எழுத்தைப் பார்த்தவர்கள் இரகசியக் குறியீடு என்றே முடிவுகட்டினார்கள். எழுதியது மனைவி என்று அவர் சொன்னதும் என்னையும் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் இருந்தார். முதல் வரைவில் அவருக்குப் பெரிய மீசை வைத்து, மேசையில் அடிக்கவும் விட்டேன். உண்மையில் அவருக்குத் தடிமன், ஒரே மூக்கொழுகல். கைலேஞ்சியால் மூக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு பரீட்சை வைத்தார். நாடா ஒரு வசனம் ஓடும், நிற்கும். அதே வசனத்தை நான் கொப்பியைப் பார்த்து வாசிக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அது எழுத்து. பொருந்தாவிட்டால் என் கணவர் உள்ளே.

நாடா தேர்ந்தெடுத்ததும் இன்ஸ்பெக்டர்தான். மீனம்மா அக்கா.

நன்றாகத்தான் போனது. அந்த இடம் வந்தது. நாடா சொன்னதைச் சொன்னது. நான் "பாவி" என்று வாசித்தேன்.

கான்ஸ்டபிள் நிமிர்ந்தார். "தங்கச்சி, அது இல்லயே."

இன்ஸ்பெக்டர் கொப்பியை இழுத்தார். சுவரோரம் பெஞ்சில் இருந்த என் கணவர் முகம்

(இந்த வசனத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். முடிக்க வரவில்லை.)

நான் எழுந்து நின்று அந்தச் சொல்லை முழுதாக, சத்தமாகச் சொன்னேன். எழுத வெட்கமாக இருந்ததால் மாற்றிவிட்டேன், பிழை அவருடையதல்ல என்றேன். கான்ஸ்டபிள் கைலேஞ்சிக்குள் சிரித்தார். பிறகு இன்ஸ்பெக்டர் காதில் அதைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார்.

5

வேறொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் நான் தலை குனிந்து மறுபடியும் "பாவி" என்கிறேன், அவர் வீடு திரும்பவில்லை. அந்த யுத்த வருடங்களில் அப்படித் திரும்பாத பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அது அவர்களுடைய முடிவு. அதை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வாசலுக்கு வந்ததும், பிழைத்தோம் என்றுகூட அவர் சொல்லவில்லை.

"வேற எங்கெல்லாம் மாத்துன?"

"அது ஒண்ணுதாங்க."

அதுதான் பொய். மொத்தம் ஆறு. அவர் பட்டம் வாங்கியபோதும், பாடசாலையில் மாலை போட்டபோதும், அந்த ஆறும் ஆய்வேட்டுக்குள் இருக்கின்றன என்றே நினைத்துக்கொண்டு நின்றேன். 2005இல் நெஞ்சு வலி வந்து, ஒரே பகலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஏட்டைத் தொடவே பயம்.

6

போன மாதம் பெட்டியிலிருந்து எடுத்தேன். மீனம்மா அக்காவின் பக்கத்தைத் தேடினேன். "பாவி" இல்லை, நாடாவில் இருந்ததே இருந்தது. மற்ற ஐந்தையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கீழே பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு:

"இவ்வுரைப்பகுதிகளைப் படியெடுத்தவர் ஏழு இடங்களில் சொற்களை மாற்றியுள்ளார். ஒலிநாடாவை மீளக் கேட்டு அவை திருத்தப்பட்டன."

எட்டு வருடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மனுசன்.

ஏழு. நான் ஆறு என்றல்லவா நினைத்திருந்தேன்.

சிரித்துவிட்டேன். "என்னா நாகு, தனியா சிரிக்கிற?" என்று மீனம்மா அக்கா எட்டிப் பார்த்தாள். உட்காரவைத்து அவள் பேசியதை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். அந்தச் சொல் வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஐயோ, நான் அப்பிடியெல்லாம் பேசுற பொம்பளையா? பாவின்னுதான் சொல்லியிருப்பேன்."

மூன்றாம் பகுதியில் ஒரு அடைப்பை வெறுமையாக விட்டிருக்கிறேன். அவர் இருந்தால் காதில் விழுந்ததை எழுது என்பார். மீனம்மா அக்கா "பாவி" என்றே போடச் சொல்கிறாள். நான் இரண்டு பேருக்கும் வேண்டியவள். பேனா உங்களிடம் இருக்கட்டும்.